காட் குழுவின் இரண்டு ஆல்பங்கள்

'மெட்டல் அண்ட் ஹெல்', '666' இரண்டிலும் பெரும்பாலும் ஒரே மெட்டுகள், மொழி மட்டும் வேறு, ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை நண்பரே. இரண்டுமே 1986இல் வந்த, காட் என்ற போலந்து மெட்டல் இசைக்குழுவின் ஆல்பங்கள்தான். முன்னது ஆங்கிலம், '666' போலிஷ். முதலில் '666' கேளுங்கள். பாடகர் ரோமன் கோஸ்ட்ஷெவ்ஸ்கி தாய்மொழியில் பாடும்போது அந்த 'ர்' நாக்கில் உருண்டு கரகரவென்று வந்து விழும். ஆங்கிலத்தில் எனக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை.

1979இல் போலந்தின் காடோவிட்சே நகரில் தொடங்கிய குழு இது. 1987 பிப்ரவரியில் அதே ஊரின் ஸ்போடெக் அரங்கில் அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவுக்கு முன்னால் வாசித்தார்கள்!

அப்புறம், 2004இல் குழு இரண்டானது. கிதார் கலைஞர் பியோத்ர் லுச்சிக் 'காட்' என்றே தொடர்ந்தார். 2022இல் மறைந்த ரோமனின் குழுவுக்கு அவர் பெயரும் சேர்ந்திருக்கும். அடுத்த தட்டு வாங்கும்போது அட்டையில் அதைப் பாருங்கள்.