சிங்கப்பூரில் புதுக் கார்: சொல்லி வரவழைப்பதா, கையிருப்பில் இருப்பதை எடுப்பதா?

நிறம், இருக்கை, சன்ரூஃப் எல்லாம் சொல்லி வரவழைக்கலாமா, முகவரிடம் தயாராக நிற்கும் காரையே எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பக் கார் என்றால் கையிருப்பில் இருப்பதையே எடுங்கள். முக்கியக் காரணம் வரி.

தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் கூடுதல் வசதி, வரி கணக்கிட எடுத்துக்கொள்ளும் காரின் பொதுச் சந்தை மதிப்பில் சேர்ந்துவிடும். அந்த மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேல், 40,000க்குள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 2,000 வெள்ளிக்கு ஒரு வசதி கூடினால் சுங்கத் தீர்வை 20 விழுக்காடு, அதாவது 400. இரண்டுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 9 விழுக்காடு, 216. கூடுதல் பதிவுக் கட்டணம் 140 விழுக்காடு, 2,800. வசதியின் விலையோடு ஆக மொத்தம் 5,416 வெள்ளி, அதுவும் முகவரின் லாபம் சேராமல்! தோல் இருக்கை உறையை இங்கேயே போட்டுக்கொள்ளலாமே.

அப்புறம் காத்திருப்பு. கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழான சிஓஇக்கு ஏலம் மாதம் இருமுறை நடக்கிறது; கார் கப்பலில் வரும் மாதங்களில் அதன் விலை எப்படியும் போகலாம். மாசு அடிப்படையிலான தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ, முன்பதிவு நாளை வைத்து அல்ல, பதிவு நாளை வைத்தே கணக்கிடப்படும்.

பத்து வருடம் ஓட்டப் போகிறீர்கள், கேட்ட அமைப்பு கையிருப்பில் கிடைக்கவே இல்லை என்றால் தாராளமாகச் சொல்லி வரவழையுங்கள். சிஓஇக்கு எத்தனை ஏலம் கேட்பார்கள், கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்புமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கையிருப்புக் கார் என்றால் டயரின் பக்கச் சுவரைக் குனிந்து பாருங்கள். 1025 என்றிருந்தால் அது 2025இன் பத்தாவது வாரம் செய்த டயர். நெடுநாள் நின்ற கார் என்று தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.