காபெட்டுக்குத் தண்ணியா, பவுடரா?

போன இதழில் மழைக்கு முன் வீட்டைத் தயார்ப்படுத்துவது பற்றி எழுதும்போது, காபெட்டைத் தண்ணீரில் போடாமல் பவுடர் தூவியும் துப்புரவாக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கேள்வியெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். ஒருவர் மட்டும் றோட்டுக்குப் போடுகிற தார்க் காபெட் என்று நினைத்து, தன் ஒழுங்கைக்கு எப்போது போடுவார்கள் என்று கேட்டிருக்கிறார். ஐயா, அது என் கையில் இல்லை.

கோண்டாவில் வாசகி: அக்கா, அண்ணா குவைத்திலிருந்து வரேக்க கொண்டுவந்த காபெட், 9க்கு 12 அடி. ஹோலில் விரித்து மூன்று வருசமாகிறது. நடக்கிற இடமெல்லாம் கறுத்துப் போச்சு. கிணற்றடியில் போட்டு மிதித்துக் கழுவு என்று மாமி சொல்கிறா. பவுடர் போட்டால் உண்மையாகவே ஊத்தை போகுமா, இல்லை வாசம் மட்டும்தானா?

மாமி சொல்வது பாய்க்குச் சரி. பன்பாயைக் கழுவிச் சுவரில் சாய்த்துவிட்டால் ஒரு நல்ல வெயிலில் காய்ந்துவிடும். காபெட் அப்படியில்லை. மேலே நூல், அடியில் அதைப் பிடித்து வைத்திருக்கிற துணி, மெஷினில் செய்த பெரும்பாலான காபெட்டுகளில் இரண்டுக்கும் நடுவே ஒரு பசை. மேல் நூல் காய்ந்த பிறகும் அடி ஈரமாகவே கிடக்கும்.

நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு மார்கழியில், பொங்கலுக்கு வீடு கழுவுகிற ஆவேசத்தில், எங்கள் காபெட்டையும் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நாலு வாளி ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, நனைந்த காபெட்டை ஒரு ஆளால் தூக்க முடியாது என்று. பக்கத்து வீட்டுத் தம்பிமார் இரண்டு பேர் வந்து மதிலில் போட்டுத் தந்தார்கள். அன்று பின்னேரம் மழை. அடுத்த நாளும் மழை. மூன்றாம் நாள் நனைந்த நாயின் மணம், ஐந்தாம் நாள் அடியில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம், ஒரு மூலையில் பசை விட்டு அடித்துணி தனியே தொங்கியது. கடைசியில் அதை வெட்டிக் கராஜில் காருக்குக் கீழே விரித்தோம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரும் இதற்கு உதவாது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க அடியில் சுண்ணாம்புக் கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் காபெட் நூலிலும் படியும். இந்தத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது, நுரைக்கவில்லையென்று இன்னும் போடுவோம், போட்டதை முழுதாக அலசி எடுக்கவும் முடியாது. மிச்சம் நிற்கிற சவர்க்காரம் பிசுபிசுப்பாகி அடுத்த கிழமையே புதுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கழுவினதும் பளிச்சென்று இருந்தது, ஒரு மாதத்தில் முன்னையிலும் மோசம் என்று பலர் சொல்வது இதனால்தான்.

சரி, பவுடருக்கு வருவோம். அந்தப் பெயரில் இரண்டு சாதி இருக்கிறது. கடையில் டின்னில் வருகிற வாசனைப் பவுடர்களில் பல, அப்பச்சோடா (பேக்கிங் சோடா) மாதிரி ஒரு தூளும் வாசனையும் சேர்ந்தவை. மணத்தைக் குறைக்கும், ஊத்தையைப் பெரிதாக எடுக்காது. மற்றது, மெஷினோடு துப்புரவு செய்கிறவர்கள் பாவிக்கிற தூள். உலர் முறை என்று பெயரே தவிர, கையில் எடுத்தால் லேசான ஈரம் இருக்கும். மரத்தூள் மாதிரியான துகள்களில் கொஞ்சம் தண்ணீரும் சலவை மருந்தும் எண்ணெய்ப்பசையைக் கரைக்கிற திரவமும் ஊறியிருக்கும். அதைத் தூவி, நூலுக்குள் இறங்கும்படி பிரஷ் பண்ணினால், ஒவ்வொரு துகளும் சின்னப் பஞ்சு போல ஊத்தையை உறிஞ்சிக்கொள்ளும். அரை மணித்தியாலத்தில் காய்ந்ததும் தூளோடு ஊத்தையையும் வக்கூம் கிளீனரால் இழுத்துவிடலாம். கராஜில் எண்ணெய் கொட்டினால் மரத்தூள் போட்டுக் கூட்டுவார்களே, அதே யோசனைதான். இது உண்மையாகவே ஊத்தையை எடுக்கும், உடனே நடக்கவும் செய்யலாம்.

ஆனால் தங்கச்சி, இரண்டில் எதைப் போட்டாலும் முதலில் மண்ணை எடுக்க வேண்டும். காபெட்டில் இருப்பதில் பெரும்பங்கு காய்ந்த மண்தான், கோண்டாவில் என்றால் செம்மண். காய்ந்து கிடக்கும்வரை அது வெறும் தூசி, ஈரம் பட்டால் சேறு, அதன் பிறகு சாயம். ஆகவே காபெட்டைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தை வக்கூம் பண்ணுங்கள். நிமிர்த்தும்போது கீழே கொட்டிக் கிடக்கிற மண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிறகு மேற்பக்கம், ஒருமுறை நீளவாட்டில், ஒருமுறை குறுக்கே, மெதுவாக. அதற்குப் பிறகுதான் பவுடர்.

கறுத்த தடத்தில் பாதி வெறுங்காலோடு நடக்கிறதால் ஏறின எண்ணெய்ப்பசை, அது போய்விடும். மற்றப் பாதி மண் அராவி அராவி நூல் தேய்ந்த மங்கல். அதை எந்தப் பவுடராலும் திருப்பித் தர முடியாது. காபெட்டைத் திருப்பிப் போட்டு, நடக்கிற இடத்தில் கதிரை வருகிற மாதிரிப் பண்ணினால் அவ்வளவாகத் தெரியாது.

சுன்னாகம் வாசகர்: வீட்டிலேயே பவுடர் செய்யலாமா? அப்பச்சோடாவைத் தூவி அதன்மேல் வினாகிரி தெளித்தால் பொங்கிக்கொண்டு ஊத்தையைக் கிளப்பும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

பொங்குவது கண்ணுக்கு நல்லாகத்தான் இருக்கும் தம்பி. அப்பச்சோடா காரம், வினாகிரி அமிலம், இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று முடித்துவிட்டு, கொஞ்சம் காற்றும் தண்ணீரும் ஒருவகை உப்புமாக மிஞ்சும். ஊத்தைக்கு வேலை செய்ய எதுவும் மிச்சமில்லை, காபெட் நனைந்ததுதான் கண்ட பலன். பாவிப்பதென்றால் ஒன்றைப் பாவியுங்கள்.

மணத்துக்கு அப்பச்சோடா மட்டும் போதும். 9க்கு 12 காபெட்டுக்குக் கால் கிலோ தாராளம். தேத்தண்ணி வடியில் போட்டுத் தட்டித் தட்டித் தூவினால் சீராக விழும். இரவு தூவிக் காலையில் இழுக்கலாம். எண்ணெய் கொட்டின இடத்துக்கு மட்டும் சோள மா நல்லது, எண்ணெயைக் குடித்துவிடும், ஒரு மணித்தியாலத்தில் எடுத்துவிடுங்கள். சோள மாவையோ அரிசி மாவையோ காபெட் முழுக்கத் தூவாதீர்கள். அடியில் தங்குகிற மா எறும்புக்கும் கரப்பானுக்கும் விருந்து, மழைக்காலத்தில் பூஞ்சணத்துக்கும் சாப்பாடு.

அப்பச்சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. பேக்கிங் பவுடரில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், காபெட்டுக்கு வேண்டாம். உடுப்புத் தோய்க்கிற வாஷிங் சோடா கடுங்காரம், கம்பளி நூலைக் கெடுத்துவிடும். உப்பும் போடாதீர்கள், எங்கள் காற்றில் அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும்.

வீட்டு வக்கூம் கிளீனரில் தூள் அதிகமாகப் போனால் வடிகட்டி அடைத்து இழுவை குறைந்துவிடும். நாலைந்து அடி இழுத்ததும் நிறுத்தி, வடிகட்டியை வெளியே தட்டிவிட்டுத் தொடருங்கள். போட்ட தூளை முழுதாக எடுக்காவிட்டால், அதுவும் நாங்களே காசு கொடுத்து வாங்கிப் போட்ட மண்தான்.

நல்லூர் வாசகி: வெளிர் நிறக் காபெட்டில் மகன் கோழிக்கறியைக் கொட்டிவிட்டான். உடனே துவாயால் துடைத்து, ஈரம் இருக்கும்போதே அப்பச்சோடா போட்டேன். மஞ்சளாக இருந்த கறை சிவந்துபோய் இன்னும் பெரிதாகத் தெரிகிறது! காபெட் பழுதாகிவிட்டதா?

பழுதாகவில்லை. நீங்கள் தெரியாமல் ஆலாத்தி கரைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறது மாதிரி, மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். அப்பச்சோடாவும் மெல்லிய காரம். காய்ந்த காபெட்டில் அது பேசாமல் கிடக்கும், ஈரக் கறைமேல் போட்டதால்தான் இந்த வேலை.

முதலில் காய்ந்த தூளையெல்லாம் எடுத்துவிடுங்கள். ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு ஒற்றுங்கள். தேய்த்தால் கறை படரும், ஒற்றத்தான் வேண்டும். சிவப்பு மறுபடி மஞ்சளாகும். பிறகு இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற திரவம் விட்ட தண்ணீரால் எண்ணெய்ப்பசையை ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீர்த் துணியால் மறுபடி ஒற்றுங்கள். (ஒவ்வொன்றையும் காபெட்டின் மறைவான மூலையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சில மலிவான காபெட்டுகள் சாயத்தைக் கக்கிவிடும்.)

இவ்வளவும் செய்த பிறகு ஒரு மஞ்சள் நிழல் மிஞ்சும், அதை வெயிலுக்கு விட்டுவிடுங்கள். குர்குமினுக்கு வெயில் ஆகாது. கறை இருக்கிற பக்கத்தை மட்டும் முற்றத்தில் சூரியனுக்குக் காட்டி, மற்றப் பகுதியைத் துணியால் மூடி, இரண்டு மூன்று நாள் மத்தியானத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் காசில்லாமல் கிடைக்கிற சலவைக்காரன் வெயில்தான்.

வேலணை வாசகி: எங்களிடம் வக்கூம் கிளீனர் இல்லை. தண்ணீரும் உவர். பவுடர் போட்டுத் தும்புத்தடியால் கூட்டினால் போதுமா?

போதாது. கூட்டினால் பாதித் தூள் மேலே வரும், பாதி கீழே இறங்கி அடியில் இருந்துவிடும். வக்கூம் இல்லாவிட்டால் பவுடரையே மறந்துவிடுங்கள். தூக்கக்கூடிய காபெட் என்றால் உங்களுக்குப் பவுடரை விட நல்ல வழி இருக்கிறது. ஆனி, ஆடியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மதிலிலோ பலமான கொடியிலோ காபெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தில் ஒரு தடியால் அடியுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தூசி வருவது நிற்கும்வரை அடித்து, இரண்டு பக்கமும் வெயில் காட்டி, ஈர்க்கு விளக்குமாற்றால் ஒரே திசையில் வாரிவிட்டால் போதும்.

உவர்த் தண்ணீரை மட்டும் காபெட்டில் காட்டாதீர்கள். உப்பு உள்ளே நின்று, மழைக்காலம் முழுக்க ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மானிப்பாய் வாசகி: பூனை மூத்திரம். மூன்று முறை பவுடர் போட்டும் மணம் திரும்பத் திரும்ப வருகிறது.

வரத்தான் செய்யும். மூத்திரம் நூலோடு நிற்காமல் அடித்துணி வரைக்கும் இறங்கியிருக்கும், பவுடர் மேலேதான் கிடக்கிறது. இந்த ஒன்றுக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் அளவாக. வினாகிரித் தண்ணீரை அந்த இடத்தில் அடிவரை இறங்கும்படி விட்டு, மேலே தடித்த துவாயைப் போட்டு ஏறி நின்று உறிஞ்ச விடுங்கள். துவாய் ஈரமில்லாமல் வரும்வரை மாற்றி மாற்றிப் போட்டு, அடியில் இரண்டு செங்கல் வைத்துக் காபெட்டைத் தூக்கி, மின்விசிறியை நேரே திருப்பிவிடுங்கள். காபெட்டுக்குக் கீழே தரையையும் கழுவுங்கள். பலர் அதை மறந்துவிட்டுப் பூனையைத் திட்டுகிறார்கள்.

பருத்தித்துறை வாசகர்: பேரனுக்கு முட்டு (ஆஸ்துமா). வீட்டில் பவுடர் போட மருமகள் பயப்படுகிறா. முகத்துக்குப் போடுகிற பவுடர் மெல்லியதுதானே, அதைப் போட்டால் என்ன?

மருமகள் பயப்படுவது நியாயம் ஐயா. மெல்லியது என்பதுதான் அதில் பிழை. முகப்பவுடர் அவ்வளவு நைசாக இருப்பதால் காற்றில் மிதந்து நெஞ்சுக்குள் போகும், குழந்தைகளுக்கு அது நல்லதே இல்லை. வாசனைப் பவுடரும் முட்டுக்காரருக்கு ஆகாது. பேரன் வீட்டில் இல்லாத நாளில் யன்னல்களைத் திறந்துவிட்டு, மணமில்லாத அப்பச்சோடா மட்டும் போட்டு, இரண்டு தரம் இழுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், முட்டு இருக்கிற பிள்ளை படுக்கிற அறைக்குக் காபெட்டே வேண்டாம். சீமெந்துத் தரையில் ஒரு பாய் போதும்.

சாவகச்சேரி வாசகி: சணல் விரிப்புக்கும் இதே முறைதானா?

சணலுக்குப் பவுடர் மட்டும்தான். தண்ணீர் பட்டால் காயும்போது பழுப்புக் கறை ஏறும், அது இலேசில் போகாது.

திருநெல்வேலி வாசகி: வீட்டுக்கு வந்து மெஷினால் உலர் முறையில் துப்புரவாக்கித் தருகிறோம் என்று ஒருவர் சொல்கிறார். நம்பிக் கொடுக்கலாமா? எப்போது செய்வது நல்லது?

தூளைத் தொட்டுப் பார்க்கக் கேளுங்கள். வேலை தொடங்க முன் வெறும் வக்கூம் போடுவாரா, முடிந்த பிறகு எத்தனை தரம் இழுப்பார் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கே "அது தேவையில்லை அக்கா" என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் கறுப்புத் துணியால் காபெட்டைத் தட்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தூள் ஒட்டினால் இன்னொரு தரம் இழுக்கச் சொல்லுங்கள்.

மாசி, பங்குனி நல்ல காலம், சோளகம் தணிகிற ஆவணியும் பரவாயில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை காற்றே ஈரம், பவுடர் கட்டிபட்டு நூலில் ஒட்டிக்கொள்ளும். பழைய வீட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரை என்றால் அந்த மாதங்களில் தரையிலிருந்தே ஈரம் ஏறும். நான் இப்போது புரட்டாசி முடிவில் காபெட்டைத் துப்புரவாக்கி, நிழலில் காய்ந்த வேப்பிலையையும் பழைய பேப்பரையும் வைத்துச் சுருட்டி, அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறேன். பொங்கலுக்கு இறக்கினால் போதும். இடையில் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்து "நாங்கள் தந்த காபெட் எங்கே" என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவேன்.