சங்கிலித் தையல் போடும்போது ஆரி ஊசி (நுனியில் கொக்கி உள்ள எம்பிராய்டரி ஊசி) துணியையும் சேர்த்து இழுக்கிறதா?

நூலைக் கொக்கியில் மாட்டியதும் ஊசியை அரைச் சுற்று திருப்புங்கள். கொக்கியின் முதுகு துளையின் ஓரத்தை லேசாக அழுத்தியபடி மேலே வரட்டும். திருப்பாமல் நேராக இழுப்பதால்தான் பட்டு ரவிக்கைத் துணியின் இழையையும் அது கவ்வுகிறது. ஊசியைக் கைப்பிடியில் இறுக்கும் திருகைக் கொக்கி பார்க்கும் பக்கமாகவே வைத்து முடுக்கிவிட்டால், ஊசி துணிக்கு அடியில் இருக்கும்போதும் திசை தெரியும்.

அப்படியும் கவ்வினால், துணி தொய்ந்திருக்கலாம். ஃபிரேமில் கட்டியதை விரலால் தட்டிப் பாருங்கள். மேளம் மாதிரி ‘டம்’மென்று கேட்க வேண்டும். (முதல் மாதம் முழுக்க நான் ஊசியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்!)

ஒன்று, பட்டில் பழகாதீர்கள். தப்பாகக் குத்திய ஓட்டை லேசில் மறையாது. பருத்தித் துணியில் கை படியட்டும். வரிசை முடிவில் முடிச்சும் முக்கியம். இல்லையென்றால் நுனியை இழுத்ததும் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும்.