கொற்றவைக்குச் சைவப் படையலா?

அன்புள்ள ஐயா,

ஐஸ்லாந்தில் ஓடின், தோர் என்ற பழைய தெய்வங்களின் வழிபாட்டை மீட்டெடுத்து அரசு அங்கீகாரமும் வாங்கிவிட்டார்கள் என்று படித்தேன். நாமும் ஏன் செய்யக்கூடாது? நண்பர்கள் சிலர் சேர்ந்து, பழந்தமிழர் முறைப்படி மாதம் ஒருமுறை கொற்றவைக்கு வழிபாடு நடத்த நினைக்கிறோம். மந்திரம் கிடையாது, இலக்கியத்தில் இருப்பது மட்டும்தான். படையல் சைவமாக இருக்கும். இது சரிப்பட்டு வருமா? என்ன பாட்டுப் பாடலாம்?

வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகச் செய்யுங்கள். அபார்ட்மென்ட் சங்கத்தைத் தவிர யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் 'பழந்தமிழர் முறைப்படி' என்று அழைப்பிதழில் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஐஸ்லாந்து கி.பி. 1000 வாக்கில் கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடு. ஸ்வேன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் என்ற விவசாயி, கவிஞரும்கூட, சிலருடன் சேர்ந்து பழைய வழிபாட்டுக்குச் சங்கம் ஆரம்பித்தது 1972இல். மறுவருடமே அரசு ஏற்றுக்கொண்டது. நடுவில் கிட்டத்தட்ட ஆயிரம் வருட இடைவெளி. அந்தத் தெய்வங்களைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்திருப்பதில் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தது, அதாவது நாடே மதம் மாறி இருநூறு வருடம் ஆன பிறகு. பழைய நாளில் விலங்குப் பலி உண்டு, இன்றைய சங்கத்தில் இல்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர்களே முடிவுசெய்துகொண்டார்கள். 'எங்கள் வீட்டில் இப்படிச் செய்வதில்லையே' என்று கேட்க அங்கே ஒருவரும் மிச்சமில்லை.

இங்கே இருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் கொற்றவையைச் சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் பாருங்கள். எயினர் என்ற வேட்டுவர் குலத்துச் சாலினி மேல் தெய்வம் ஏறுகிறது. அவள் ஆடுகிறாள், 'பலிக்கடனைக் கொடுக்காவிட்டால் உங்கள் வில்லுக்கு வெற்றி கிடையாது' என்று மிரட்டுகிறாள். அவள் கேட்பது ரத்தம், சுண்டல் அல்ல. ஆடி மாதம் சென்னையில் ஏதாவது ஒரு சின்ன அம்மன் கோயிலுக்குப் போங்கள். பம்பையும் உடுக்கையும் ஏறும்போது கூட்டத்தில் ஒரு பெண்ணுக்குச் சாமி வரும். 'என்னை மறந்துட்டீங்களே' என்று அவள் அதட்டுவாள், என்ன செய்யணும் தாயே என்று ஊர் கைகட்டிக் கேட்கும். இவர்களை யாரும் மீட்டெடுக்கவில்லை. 1950ஆம் வருடச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி 2003இல் தமிழக அரசு ஆடு, கோழி வெட்டக்கூடாது என்றபோது அகப்பட்டுக்கொண்டவர்களும் இவர்கள்தான். மறுவருடம் அந்தச் சட்டமே போய்விட்டது, அது வேறு கதை.

மீட்டெடுப்பு சென்னைக்குப் புதிதும் இல்லை. தேவதாசிகள் ஆடிவந்த சதிரை 1930களில் இந்த ஊர்தான் பரதநாட்டியமாக்கியது. கலை பிழைத்தது, எனக்கும் பிடிக்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதை ஆடிய குடும்பத்துப் பெண்களில் பாலசரஸ்வதி மாதிரி வெகுசிலர்தான் மேடையில் நிலைத்தார்கள். 'தூய்மையான பழைய முறை' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது. உங்கள் சைவப் படையலில் எனக்குக் குறை இல்லை. அதுதான் அசல் என்றும் ஆடி மாதத்துக் கிடாவெட்டு பின்னால் வந்த சீரழிவு என்றும் நாளைக்கு உங்களில் ஒருவர் பேசாமல் இருக்கவேண்டும்.

பாட்டுக்கு வேட்டுவ வரியே போதும். அதன் பழைய மெட்டு நம்மிடம் இல்லை. உங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் பம்பை அடிப்பவரிடம் கேளுங்கள், ஏதாவது கட்டிக்கொடுப்பார். ஆடியில் போய் நிற்காதீர்கள், அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கூலியையும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.