மொத்தமாக வாங்கினால் லாபமா?

கேள்வி: வீட்டிலிருந்தே வாரம் ஆறு கேக் செய்து விற்கிறேன், பன்னும் உண்டு. மொத்தக் கடையில் 25 கிலோ மைதா மூட்டையும் அரைக் கிலோ ஈஸ்ட் பாக்கெட்டும் மலிவு. வாங்கிப் போடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: ஈஸ்டைத் தாராளமாக வாங்குங்கள். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் நாலு மாதம் தாங்கும். ஈரக் கரண்டி மட்டும் ஆகாது. சந்தேகம் வந்தால், அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் ஈஸ்டும் சிட்டிகை சர்க்கரையும் போடுங்கள். பத்து நிமிடத்தில் நுரை பொங்காவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

மைதா மூட்டை வேண்டாம். கேக்குக்கு 250 கிராம் என்றால் வாரம் ஒன்றரைக் கிலோ. பன்னைச் சேர்த்தாலும் தீர மூன்று மாதமாகும், அதற்குள் வண்டு வைத்துவிடும். பத்துக் கிலோ போதும். ஃப்ரீசரில் இடமிருந்தால், கிலோ கிலோவாகக் கட்டி நாலு நாள் வையுங்கள். வண்டு முட்டை செத்துவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். குளிர்ந்த மாவில் காற்றின் ஈரம் படிந்து கட்டி தட்டும். அறைச் சூட்டுக்கு வரட்டும்.

பேக்கிங் பவுடரோ, 100 கிராம் டப்பாவுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.