அயர்லாந்தில் ஒரு கிராமத்துத் தொகுதி எம்.பி. 45 வருடம் தோற்காமல் இருந்தது எப்படி?

முன்னாள் பிரதமர் எண்டா கென்னியைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "அப்பா பெயர்" என்று ஒற்றை வரியில் முடிக்கும் பதில்கள் எரிச்சலூட்டுகின்றன. வாரிசு இல்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். எம்.பி.யாக இருந்த ஹென்றி கென்னி இறந்ததால் 1975இல் அவருடைய தொகுதியான மேயோ மேற்கில் இடைத்தேர்தல் வந்தது. பள்ளி ஆசிரியரான மகன் 24 வயதில் ஜெயித்தார். அதற்குப் பெயர் போதும். பொதுத்தேர்தல் வேறு கணக்கு.

அங்கே ஒரு தொகுதிக்கு 3 முதல் 5 எம்.பி.க்கள் வரை. வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட வேண்டும். செல்லுபடியான வாக்குகளை, இடங்களோடு ஒன்று கூட்டி வகுத்து, பின்னத்தை விட்டு 1 சேர்த்தால் கோட்டா, அதாவது ஜெயிக்கத் தேவையான வாக்கு. 2011இல் மேயோவுக்கு 5 இடம், கோட்டா 12,360. கென்னிக்கு விழுந்த '1' 17,472. மிச்சம் 5,112 வீணாகாது. அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கோ, அந்த விகிதத்தில் பிரிந்து போகும். அந்த முறை 4 இடம் அவருடைய ஃபீன கேல் கட்சிக்கு.

ஒரே கட்சியில் பலர் நிற்பதால், நிஜ எதிரி சொந்தக் கட்சிக்காரர்தான். மாவட்டத்தைப் பங்கு போட்டு, "இந்தப் பக்கம் இவருக்கு 1, அவருக்கு 2" என்று துண்டறிக்கை கொடுப்பார்கள். எல்லை தாண்டி ஓட்டுக் கேட்டால் தகராறு. அதைவிட ஆபத்து "அவர் எப்படியும் ஜெயிப்பார்" என்ற பேச்சு. ஆதரவாளர்கள் 1ஐச் சக வேட்பாளருக்குக் கொடுத்து இவருக்கு 2 போடுவார்கள். சுற்றுச் சுற்றாக எண்ணிக் கடைசி ஆளை நீக்குவார்கள்; '1' குறைந்தவர் முதல் சுற்றுகளிலேயே வெளியேறினால் அந்த 2ஆல் பயனில்லை. 2002இல் கட்சி 54 இடத்திலிருந்து 31க்குச் சரிந்தபோது, மேயோவில் சக வேட்பாளர் ஜிம் ஹிக்கின்ஸ் தோற்றார், கென்னி தப்பிப் பிழைத்தார். சில வாரத்தில் கட்சித் தலைவர்!

தேர்தல்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வேலை 'கிளினிக்'. வைத்தியம் இல்லை, ஓய்வூதியம், மருத்துவ அட்டை, வீடு கட்ட அனுமதி என்று வருபவர்களுக்கு அரசு அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது. பலன் தெரிவது எண்ணும் நாளில். பெட்டியைக் கொட்டிப் பிரிக்கும்போது தடுப்புக்கு வெளியே நிற்கும் 'டாலி' ஆட்கள், அதாவது கணக்கெடுக்கும் கட்சிக்காரர்கள், ஒவ்வொரு '1'ஐயும் தாளில் கோடு போடுவார்கள். எந்த ஊர் கைவிட்டது என்பது அதிகாரபூர்வ முடிவுக்கு முன்பே தெரிந்துவிடும்.

இந்த டாலியை ஒழிக்கவென்றே வந்தது போல மின்னணு வாக்கு இயந்திரம் வாங்கினார்கள். 5 கோடி யூரோவுக்கு மேல் செலவு. 2002 பொதுத்தேர்தலில் 3 தொகுதிகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பத்து வருடம் கழித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். 

கென்னியை மேயோ தோற்கடிக்கவே இல்லை. 2011இல் பிரதமர், 2017இல் விலகல், 2020 தேர்தலில் அவராகவே நிற்கவில்லை.