வெளிநாட்டில் ஆண்கள் வேலை பார்க்கும் குடும்பங்களைக் கைப்பேசியும் கேமராவும் எப்படி மாற்றியிருக்கின்றன?

எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. எங்கள் தெருவில் ஆண்களை மொத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் பெருநாளைக்குத்தான் வர வேண்டும். நெருக்கம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் கண்ணில் பட்டது வேறு: வீட்டு நிர்வாகம் கைமாறிவிட்டது.

1980களின் கடைசியில் வாப்பா சவூதியில் இருந்தார். கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம். பேச நினைத்ததையெல்லாம் கேசட்டில் பதிந்து, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார். அப்படி வந்த ஒன்றில், கிணற்றடிச் சுவரை இப்போது இடிக்க வேண்டாம் என்றிருந்தார். அதற்குள் பழைய சுவர் போய், புதுச் சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. உம்மா கேசட்டை இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல யோசனைதான்" என்றார். அந்த ஒரு மாத இடைவெளியில்தான் உம்மா வீட்டை ஆண்டார்.

இப்போது ராத்தா (அக்கா) வீட்டுக்கு வருகிறேன். ராத்தா வீடு என்று தெரிந்துதான் சொல்கிறேன். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். மச்சான் துபாயில். அங்கே வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை என்பதால் போட்டிம் செயலியில் பேசுகிறார். அது போதாதென்று போன வருடம் வாசலில் கேமரா மாட்டினார். பாதுகாப்புக்காம். அதில் ஒலிபெருக்கியும் உண்டு.

ஒருநாள் மீன்காரம்மா கூடையை இறக்கி முரல் மீனை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "அந்த விலைக்கு வேண்டாம்" என்று சுவர் பேசியது. அவர் பதறி எழுந்து, பிறகு சங்கதி புரிந்து, கேமராவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "துபாயில் முரல் என்ன விலை, தம்பி?"

மச்சான் நல்ல மனிதர். பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம்கூடக் காணொளியில்தான் சொல்லித் தருகிறார். ஆனால் கதவு ஏன் திறந்திருக்கிறது, வந்த பெண் யார், ஏன் இவ்வளவு நேரம் நின்றாள் என்று ராத்தா பதில் சொல்லி மாளவில்லை.

சில வாரங்களாக மதியம் இரண்டு மணிக்குக் கேமராவுக்கு நேர் எதிரே ராத்தாவின் வெள்ளைத் துப்பட்டி காய்கிறது. துபாயில் அப்போது பன்னிரண்டரை, மச்சானுக்குச் சாப்பாட்டு இடைவேளை. திரையெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறதே என்று கேட்டால், கடல்காற்று கொடியைத் தள்ளிவிட்டது என்கிறார் ராத்தா.